ஆண்டிக்கு எத்தனை சாமான்?

அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். புதிதாக ரோடு பைக் வாங்கியிருக்கிறான். தைப்பூசக் கூட்டம் வடிந்ததும் பழனிக்கு வந்து என்னோடு கொடைக்கானல் ஏற வேண்டுமாம். பட்டியலில் முப்பத்தொரு சாமான். ஹெல்மெட், கையுறை, கூலிங் கிளாஸ், பேட் வைத்த ஷார்ட்ஸ், பெடலோடு கொக்கி போட்டுக்கொள்ளும் ஷூ, வேகமும் நாடித்துடிப்பும் காட்டும் சின்னக் கம்ப்யூட்டர், சிலிண்டரில் அடைத்த காற்று, தொடை உராயாமலிருக்க ஒரு களிம்பு. கடைசியில் ஒரு கேள்வி: "மாமா, இதுல எது கட்டாயம், எது சும்மா?"

பழனி அடிவாரத்தில் இருபத்தெட்டு வருஷம் பாத்திரக்கடை நடத்தியவன் நான். கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். எங்கள் வாயிலிருந்து 'இது சும்மா' என்று ஒரு நாளும் வந்ததில்லை. குத்துவிளக்கு கட்டாயம், அண்டா கட்டாயம், யாருமே முகம் பார்க்காத பித்தளைத் தாம்பாளம் ரொம்பக் கட்டாயம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். கடை வாசலில் நின்று நிமிர்ந்தால் மலை. 693 படி ஏறினால் அங்கே நிற்பவரிடம் ஒரு கோவணமும் ஒரு தண்டமும். அவரைப் பார்க்க வந்தவர்கள் திரும்பும்போது என்னிடம் எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த வேடிக்கை எனக்கு உறைக்கச் சர்க்கரை நோய் வர வேண்டியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிளுக்கு வந்தேன். அப்போது வயது ஐம்பத்திரண்டு.

மாப்பிள்ளையின் கேள்விக்குப் பத்து நாள் பதில் போடவில்லை. இதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யார் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் பத்திரகிரியார். ராஜ்யத்தைத் துறந்து பட்டினத்தாரின் பின்னால் வந்தவர். திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு வாசலில் குரு, எதிர் வாசலில் சீடர். பிச்சை கேட்டு வந்த ஒருவனிடம் பட்டினத்தார், என்னிடம் ஏதப்பா இருக்கிறது, அந்த வாசலில் ஒரு சம்சாரி உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். நாட்டையே விட்டு வந்தவனா சம்சாரி? ஆமாம். கையில் ஒரு திருவோடு, காலடியில் ஒரு நாய். சோறு வாங்க ஓடு வந்தது, ஓட்டில் மிஞ்சியதைத் தின்ன நாய் வந்தது, நாய்க்காக இவர் கொஞ்சம் மிச்சம் வைக்கப் பழகினார். குடும்பம் இப்படித்தானே தொடங்குகிறது. பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிகிறார். அது நாயின் தலையில் பட்டு நாய் சாகிறது.

பஜனை மடத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் நாய்க்கு முக்தி கிடைத்தது என்று முடித்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே அந்த முடிவு எனக்குத் தொண்டைக்குள் இறங்குவதில்லை. அவர் எறிந்தது தன் பற்று, அடிபட்டது நாய். இதைக் கேட்டால் பெரியவர்கள், உனக்குப் பக்குவம் வரவில்லை என்பார்கள். இன்னும் வரவில்லை.

ஓட்டை எறிகிற வெறி எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. சைக்கிள் வாங்கிய முதல் வருஷம் இவனைப் போலவே கண்டதையெல்லாம் வாங்கினேன். இரண்டாம் வருஷம் தலைகீழ். எடை குறைக்கிற பைத்தியம். பித்தளை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு கடையிலேயே இருந்ததா, ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்ப்பேன். ஸ்பேர் டியூப் இத்தனை கிராம், டயர் நெம்புகிற லீவர் இத்தனை, சாவிக்கொத்து இத்தனை. பெல்லைக் கழற்றினேன். பின்விளக்கைக் கழற்றினேன், பகலில்தானே போகிறோம் என்று. உலகப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதில்லை. ஓட்டுகிறவர்கள் எடையைக் குறைத்துக் குறைத்து ஆபத்தில் போய் முடிவார்கள் என்று உலகச் சைக்கிள் சங்கமே வைத்த வரம்பு அது. என் சைக்கிள் பத்துக் கிலோ, தொந்தி அதற்குக் கிட்டத்தட்ட. ஆனாலும் இருபது கிராம் குறைந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். நான் துறவு என்று நினைத்துச் செய்ததெல்லாம் தராசு முன்னால் உட்கார்ந்து வியாபாரி போட்ட கணக்கு. அது அப்போது தெரியவில்லை.

அந்தக் கணக்கு ஒரு மார்கழியில் தீர்ந்தது.

பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். பழனி கடல் மட்டத்துக்கு முந்நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, கொடைக்கானல் ஏரி இரண்டாயிரம் மீட்டரையும் தாண்டி. வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்பக் கோயில் மலை தெரியும். ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. அன்று விடிகாலை கிளம்பும்போது வின்ட்சீட்டரைத் தராசில் போட்டேன், 240 கிராம். வீட்டிலேயே வைத்துவிட்டேன். என்னையும் சைக்கிளையும் தண்ணீரையும் சேர்த்தால் 90 கிலோ. அதில் 240 கிராம் என்பது ஆறு மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரு நிமிஷம். இதைப் பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்திக் கொண்டுபோய் ஏரிக்கரையில் பஜ்ஜிக்கடை முன்னால் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வாடகைச் சைக்கிளில் ஏரியைச் சுற்றுகிற கல்யாண ஜோடிகளையும் குழந்தைகளையும் பார்த்தபடி. ஒருவர் தலையிலும் ஹெல்மெட் கிடையாது, ஒருவர் முகத்திலும் கவலை கிடையாது.

இறங்கும்போது பெருமாள்மலையில் மூட்டம் இறங்கியது, கூடவே தூறல். ஏற்றத்தில் ஊறிய வியர்வை ஜெர்சியில் காயாமல் இருந்தது. இறக்கத்தில் பெடல் மிதிக்க வேலையில்லை, உடம்பில் சூடு பிறக்க வழியில்லை. எதிர்க்காற்று மட்டும் நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பழனிப் பாதையில் திரும்பி நாலைந்து கிலோமீட்டர் வந்திருப்பேன். விரல்கள் மரத்துவிட்டன. பிரேக்கைப் பிடிக்கிறேன், பிடித்தேனா இல்லையா என்று கைக்குத் தெரியவில்லை. அடுத்த வளைவில் விறகுக் கட்டோடு ஓரமாக வந்த ஒரு பெரியவரை ஒரு முழ இடைவெளியில் தாண்டினேன். அவர் வைத வசவை இங்கே எழுத முடியாது. பெல் இருந்திருந்தால் முன்கூட்டியே ஒதுங்கியிருப்பார். பெல்லைக் கழற்றிய பெருமை தராசோடு இருந்தது.

ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டு டீ கொடுப்பதற்கு முன்னால், "ஏன் சாமி, மலைக்கு வர்றவரு ஒரு சொட்டரு எடுத்துட்டு வர மாட்டீங்களா?" என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பழைய தினசரிகளை நாலாக மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐரோப்பாவில் மலையிறங்கும் பந்தய வீரர்களும் காலங்காலமாக இதைத்தான் செய்து வந்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். இந்த அம்மா யாரிடம் படித்தாரோ. ஆணியில் தொங்கிய மங்கி குல்லாவையும் எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். "வீட்டுக்காரரோடது. ராத்திரி காவலுக்குப் போவாரு, மறக்காம குடுத்து விடுங்க."

பீன்ஸ் தோட்டத்தில் காட்டுமாடு இறங்காமல் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிற காவல் அது. நான் 240 கிராமை வீட்டில் விட்டு வந்ததற்கு, முகம் தெரியாத ஒரு மனிதர் அன்று குல்லா இல்லாமல் பனியில் உட்கார்ந்திருப்பார். பத்திரகிரியாரின் நாய் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த வாரம் பஸ்ஸில் போய்க் குல்லாவைக் கொடுத்தேன், ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு. அந்த அம்மா பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்பவும் சொட்டரு இல்லாமத்தான் வந்திருக்கீங்க" என்றார்.

இப்படிப் பிறர் உதவி வாங்குவதே கூடாது என்கிற ஓட்டங்களும் உண்டு. நீண்ட தூரம் ஓட்டும் பிரெவே என்ற வகையில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சோதனைச் சாவடிகளுக்கு இடையே வெளியாள் துணைக்கு வரக்கூடாது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, மாப்பிள்ளைக்கும் அதில் ஒரு கண். 1913-ல் டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவருக்கு டூர்மலே மலை இறக்கத்தில் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பல மைல் நடந்து, கீழே ஒரு ஊரின் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே பற்றவைத்தார். இரண்டு கையும் இரும்பில் இருந்ததால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்கு அபராத நேரம் போட்டார்கள். வெளி உதவி பெற்றது குற்றம். ஒரு காலத்தில் அந்த விதி எனக்கு வீரமாகப் பட்டது. இப்போது கேட்டால், துருத்தி ஊதியவன் கணக்கில் வராமல் எந்த மலையும் இறங்கப்படுவதில்லை என்றே தோன்றுகிறது.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐவர்மலைக்குப் போனேன். பழனிக்கு மேற்கே, கொழுமம் போகும் வழியில், பாப்பம்பட்டிப் பக்கம். சமதரைதான், சைக்கிளுக்குச் சுகமான சாலை. இரண்டு பக்கமும் தென்னை. மலையில் ஒரு நீண்ட பாறை விதானம். அதன் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், சில நின்றும் சில அமர்ந்தும். திருவயிரை என்பது பழைய பெயர். வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. சக ஆண்டு 792, பொது ஆண்டில் 870. வரகுணன் 862-ல் பட்டத்துக்கு வந்தான் என்று வரலாற்றுக்காரர்கள் கணக்கிடுவதற்கு இந்தப் பாறைதான் சாட்சி. சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கிகளையும் புதுப்பித்து, அமுதுக்கும் அடிகள் ஒருவரின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்கிறது.

ஒரு துறவியின் சோற்றுக்குப் பொன் முதல் வைத்து வட்டி வரவேண்டியிருக்கிறது. வியாபாரியான எனக்கு அந்த வரி சட்டென்று விளங்கியது. எதுவுமில்லாமல் ஒருவர் பாறையடியில் உட்கார்ந்திருக்க, வயலில் ஒருவன் நெல் அறுக்க வேண்டும், ஒருத்தி உலை வைக்க வேண்டும், ஒருவர் பொன்னை நிறுத்துக் கொடுக்க வேண்டும். வள்ளுவர் இல்வாழ்க்கையை ஐந்தாம் அதிகாரத்தில் வைத்தார், துறவை முப்பத்தைந்தாவதில்தான். வரிசையில் அர்த்தம் இல்லாமலா இருக்கும்.

திகம்பரத் துறவி துணியையும் விட்டவர். அப்படியும் அவர் கையில் இரண்டு பொருள் மிஞ்சுகிறது. ஒன்று தண்ணீருக்கு ஒரு கமண்டலம். இன்னொன்று மயிற்பீலி. உட்காரும் முன் அதனால் தரையை மெல்லத் தடவி எறும்பையும் புழுவையும் ஒதுக்குவார். கோவணம்கூட அதிகம் என்று அவிழ்த்துப் போட்டவர் பீலியைப் போடவில்லை. பௌத்த பிக்குவுக்கும் எட்டுப் பொருள் உண்டு: மூன்று துவராடை, பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. கடைசி இரண்டும் என்னைப் பிடித்துக்கொண்டன. ஊசி கிழிசலைத் தானே தைத்துக்கொள்ள. வடிகட்டி தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர் தன் வயிற்றுக்குள் போய்ச் சாகாமலிருக்க.

என்னிடம் இருக்கும் சாமான்களை அந்தப் பாறையடியில் உட்கார்ந்து ஊசி, பீலி என்று குவியல் குவியலாகப் பிரித்துப் பார்த்தேன். பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், ஸ்பேர் டியூப், நெம்புகோல், அலென் கீ எல்லாம் ஊசி. பின்விளக்கு, பெல், பிரேக் கட்டை எல்லாம் பீலி. மூட்டத்தில் ஜீப் ஓட்டி வருகிறவன் கண்ணுக்கு நான் தெரிய வேண்டும். தெரியாமல் என்னை இடித்தால் சாவது நானாக இருக்கலாம், அதைச் சுமந்துகொண்டு மீதி நாளைக் கழிப்பது அவன். விறகுப் பெரியவருக்கு நான் வருவது கேட்க வேண்டும். மற்றதெல்லாம், ஷூ, கம்ப்யூட்டர், கூலிங் கிளாஸ், என் சொந்தச் சுகம். பிரித்து முடித்ததும் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளைக்கு இதையே எழுதிவிடலாம்.

வின்ட்சீட்டர் எந்தக் குவியல்? சுகத்தில்தான் முதலில் போட்டேன். ஆனால் மரத்த விரலால் பிரேக் பிடிக்கவில்லையே. அப்படியென்றால் அதுவும் பீலி. கையுறையும் பீலி. ஷார்ட்ஸில் வைத்துத் தைத்த பேடு? நாலாவது மணி நேரத்தில் புட்டம் எரிகிறவன் சாலையைப் பார்க்க மாட்டான், சீட்டில் நெளிந்துகொண்டிருப்பான். ஹெல்மெட் என் மண்டைக்கு, மண்டை உடைந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரப் போவது என் வீட்டுக்காரி. ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான சாமான் பீலியாகிவிட்டது. பத்திரகிரியாருக்கு ஓட்டிலிருந்து நாய் வந்த அதே வழி. கடைக்காரன் புத்தி எங்கே போகும், இதுவும் கட்டாயம் அதுவும் கட்டாயம். குவியல்களைப் பிரித்த கோட்டை மனதில் அழித்துவிட்டு இறங்கினேன்.

இறங்கி வரும்போது வீட்டுக்கு நேரே போகாமல் இடும்பன் மலைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். அகத்தியர் சொல்லி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலையையும் பாம்பைக் கயிறாக்கி, தண்டில் கட்டித் தோளில் போட்டு வந்தவன் இடும்பன். ஆவினன்குடியில் இளைப்பாற இறக்கி வைத்தான். திரும்பத் தூக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மலைமேல் கோவணத்தோடு ஒரு பையன். இறங்கு என்றால், இது என் மலை என்கிறான். சண்டை, சாவு, மறுபிறப்பு, வரம். உன்னைப் போலத் தோளில் சுமந்து வருபவருக்கு அருள் உண்டு என்பது அந்த வரம். அதனால்தான் காவடி. அதனால்தான் படியேறும்போது சாமிக்கு முன்னால் இடும்பனுக்கு ஒரு கும்பிடு.

கவனித்தால் விசித்திரமான கதை. ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த பிள்ளை, வந்த இடத்தில் சொல்வது 'என் மலை'. அந்தப் பிள்ளைக்குத்தான் சாயரட்சையில் ராஜ அலங்காரம், கிரீடமும் பட்டும். காலையில் ஆண்டி, மாலையில் அரசன், ஒரே திருமேனி. எதையும் சுமக்காதவரின் வாசலில் உலகத்திலேயே அதிகம் சுமந்தவன் காவல். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடியோடு நடந்தே வருகிறார்கள். அந்தக் காவடிகளிலும் கட்டியிருப்பது மயிற்பீலிதான். எறும்பை ஒதுக்கிய அதே இறகு இங்கே பாரத்துக்கு அழகு. வேறு சுமையும் இந்த மலைகளில் ஏறியிருக்கிறது. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் வீடு கட்டியது முதல், முதல் உலகப் போர்க் காலத்தில் வத்தலகுண்டு மலைச்சாலை திறக்கும் வரை, பெரியகுளம் பக்கத்திலிருந்து துரைமார்களையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் கூலிகள் தோளில் தூக்கித்தான் ஏற்றினார்கள். அந்தக் கூலிகளுக்கு யாரும் வரம் கொடுத்ததாகத் தெரியவில்லை. குளிர் தேடிப் போனவர்களின் பெயரில் மலையில் தெருவும் பங்களாவும் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஒருவழியாகப் பதில் எழுதினேன். முன்விளக்கு, பின்விளக்கு, பெல் இல்லாமல் என் வீட்டு வாசலை மிதிக்காதே. ஹெல்மெட் பற்றிப் பேச்சே இல்லை. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்று. பஞ்சர் ஒட்ட வீட்டில் பத்து முறை பழகு. கையில் வராத வித்தைக்குப் பையில் இடம் கொடுக்காதே. கொக்கி போடும் ஷூ இந்த வருஷம் வேண்டாம், வளைவில் நின்றால் கால் கழலாமல் கட்டை மாதிரி சாய்வாய். ஷார்ட்ஸ் நல்லதாக ஒன்று வாங்கு, உள்ளே ஜட்டி போடாதே. இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. மலையில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு உயர் நீதிமன்றத் தடை. எதை விட்டுவிட்டு மலையேற வேண்டும் என்று சாமியார்கள் சொல்லி நாம் கேட்கவில்லை, நீதிபதிகள் சொல்ல வேண்டியிருக்கிறது. நிரப்பிக்கொள்ளும் பாட்டில் இரண்டு கொண்டு வா. காசு கொடுத்து எனர்ஜி ஜெல் வாங்காதே. மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், ஏலக்காய், ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல் இங்கே பிசைந்து வைத்திருக்கிறார்கள், 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். நான் சர்க்கரைக்காரன், ஏற்றத்தில் ஒரு ஸ்பூன் நக்கினால் போதும், மீதி உனக்கு. வின்ட்சீட்டர் கட்டாயம்.

மலையேறுவதற்கு முந்தின ராத்திரி ஏழரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். முப்பத்தொன்றில் இருபத்தாறு வாங்கியிருந்தான். திண்ணையில் பையைக் கொட்டச் சொன்னேன். அடிவாரத்து வியாபாரிக் கண் ஒவ்வொன்றாக எண்ணியது. விளக்கு இரண்டு, பம்ப், லீவர், சொல்யூஷன், டியூப் இரண்டு.

"ஒண்ணு போதாதா மாப்ள? இருக்கறதே ஒரு சின்னப் பை."

"ஒண்ணுதான் மாமா எனக்கு. இன்னொண்ணு உங்க சைஸு." அடியிலிருந்து இன்னொரு பொட்டலத்தையும் எடுத்து வைத்தான். கறுப்பு மங்கி குல்லா. "அம்மா குடுத்து விட்டாங்க. நீங்க எதையாவது விட்டுட்டுத்தான் வருவீங்களாம்."